அடுத்த வளவின் வெயில்

பனி கரைந்த பிறகு வரும் முதல் மழைநாள் ஒன்றில், வீட்டு முன்புல்லில் ஒரு தடியை ஊன்றிச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன், பின்வளவு மேப்பிளில் முறிந்து தொங்கிய கிளையை நானே சீவிக் கூராக்கிய தடி அது, பச்சைப் பட்டையின் வாசமும் இளகிய களிமண்ணின் ஈரமும் சேர்ந்து மூக்கில் ஏறியபோது கை தானாக நின்றுவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோ மண்ணுக்கு வழக்கமாக ஒரு வாசமும் இல்லை, மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும், பிறகு ஒரு கிழமைக்குள் சேறாகும், அதன் மேல் ஒரே உயரத்தில் வெட்டிய புல் வந்து மூடிவிடும், அவ்வளவுதான். அன்றைக்கு அந்தத் தடி இறங்கிய சிறு குழிக்குள்ளிருந்து யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோண்டாவிலின் செம்மண் மணத்தது என்றால் மனைவி நம்பமாட்டாள், அவள் யன்னலால் பார்த்து, மழையில் என்ன நின்று யோசனை, அதைக் கட்டிவிட்டு வாருங்கோ என்று கூப்பிட்டாள்.

கட்ட இருந்தது ஓர் அறிவித்தல். இந்த வீட்டின் பின்வளவில் சிறு வீடொன்று கட்டக் கேட்டிருக்கிறார்கள், அது ஸோனிங் விதியை இன்ன இடத்தில் இன்ன அளவு மீறுகிறது, இன்ன திகதியில் விசாரணை, சொல்ல உள்ளவர்கள் சொல்லலாம் என்று தெருவால் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கும் தெரிகிற மாதிரி எழுதிய தாள், விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன்னரேனும் வாசலில் நிற்க வேண்டும், 60 மீற்றருக்குள் காணி உள்ளவர்களுக்குத் தபாலிலும் போகும். எங்கள் ஊரில் ஒருவன் வீடு கட்டப் போகிறான் என்பதை ஊருக்குச் சொல்லத் தாள் தேவைப்பட்டதில்லை, கல் வந்து இறங்கினால் போதும், ஆனால் அந்தக் கல் இறங்க முன்னர் கதைத்து முடிக்க வேண்டிய கதைகள் இருந்தன, அவற்றை எங்கே நின்று கதைத்தார்கள் என்பதைத்தான் தடி நினைவுபடுத்தியது.

அப்பு, அம்மாவின் தகப்பன், மாரி தொடங்க முன்னர் வேலி அடைப்பிப்பார். கிளுவையும் பூவரசும் கதியாலாக வெட்டி வேம்பின் நிழலில் சாத்தி வைத்திருக்கும், வெட்டுவாயில் கசிந்தது காய்ந்து பிசினாகி விரலில் ஒட்டும், அலவாங்கு மண்ணில் இறங்கும்போது முதலில் சூட்டுத் தூசியின் மணமும் ஒரு முழம் போன பிறகு குளிர்ந்த மண்ணின் மணமும் வரும், காவோலையை மிதித்துப் பரப்புகிறவர்களின் சுருட்டுப் புகை இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கும். அப்பு திண்ணையில் இருந்து சின்ன இரும்புப் பாக்குரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்திருப்பார், முன்பல் போன பிறகு அந்தப் பாக்குரல் அவருடைய வலது கைக்குள்ளேயே வாழ்ந்தது, டொக் டொக் என்ற அந்தச் சத்தம் நின்றால் ஏதோ பிழைத்துவிட்டது என்று அம்மம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பா. கயிறு பிடிக்கிற நேரத்துக்குப் பக்கத்து வளவுக் கிழவரும் வந்து நிற்க வேண்டும், அவர் வரப் பிந்தினால் கூலிக்கு வந்தவர்கள் சும்மா குந்தியிருப்பார்கள், அரைநாள் கூலி வீணாகிறதே என்று அம்மம்மா புறுபுறுப்பா, அப்பு அசையமாட்டார், இரண்டு பக்கத்துக் கிழவர்களும் பார்த்திராமல் ஒரு கதியாலும் இறங்கக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது, யாழ்ப்பாணத்தில் வேலி நடக்கும். உயிர்க்கதியால் பருக்கும், பட்டதைப் பிடுங்கிப் புதியது நடும்போது ஒரு பெருவிரல் அகலம் அங்காலே போகும், அடுத்த வருடம் இன்னொரு பெருவிரல், சில வருடம் போனால் எல்லையில் நின்ற தென்னை யாருடையது என்ற கேள்வி வந்துவிடும், அதன் பிறகு நில அளவையாளர், நொத்தாரிசு, கோடு, கச்சேரி, இரண்டு குடும்பமும் தென்னையின் விலையைப் போல நூறு மடங்கு செலவழித்துவிட்டு ஒரே பஸ்சில் எதிரெதிர்ச் சீற்றில் இருந்து வீட்டுக்கு வருவார்கள். தகரப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு அப்பு பூட்டி வைத்திருந்த உறுதிகளில் எல்லைகள் ஆட்களாலேயே எழுதப்பட்டிருந்தன, கிழக்கே இன்னார் பெண்சாதியின் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் பிள்ளைகளின் காணி, அளவு கேட்டால் இத்தனை பரப்பு இத்தனை குழி, வரகுப் பரப்பென்றால் 16 சேர்ந்து ஓர் ஏக்கர், நெற்பரப்பென்றால் 24, கடைசி வரியில் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு. அந்தத் தாளை விரித்தால் காணியைவிட அயலவர்தான் அதிகம் தெரிவார்கள், இன்றைக்கு என் மேசையில் கிடக்கிற ஸ்காபரோ வீட்டின் சேவேயில் இரும்பு ஆணியும் பாகையும் கலையும் இருக்கின்றன, அடுத்த வீட்டுக்காரர் ஓர் இலக்கமாக மட்டும் இருக்கிறார்.

வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போகிற அளவு, நாய்க்கும் கோழிக்கும் தாராளம், காலையில் தணல் வாங்கவும் பத்து மணிக்கு ஒரு சிறங்கை மிளகாய்த்தூள் மாற்றவும் பின்னேரம் யார் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லவும் பெண்கள் அதற்குள்ளால் போய்வருவார்கள், விளிம்பு ஓலைகள் தலை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். சண்டை வந்தால் முதலில் அடைபடுவது அதுதான், சமாதானம் வந்ததும் யாரும் அறிவிக்கமாட்டார்கள், ஒரு விடியற்காலையில் நாலு ஓலை விலகியிருக்கும். அப்பு குசினியை நீட்டிக் கட்ட நினைத்தபோது அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாக்குரலோடு, நானும் பின்னால் போனேன், பக்கத்து வளவுக் கிழவர் சாக்குக் கட்டிலில் இருந்தபடி நெடுநேரம் மழையைப் பற்றியும் புகையிலை விலையைப் பற்றியும் கதைத்துவிட்டுக் கடைசியில்தான் கேட்டார், உன்ர தாழ்வாரத் தண்ணி எங்க விழும், என்ர வாழைப்பாத்திக்கயோ? அப்பு ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை இடித்தார், மறுநாள் மேசன் வந்தபோது அத்திவாரக் கயிறு ஒன்றரை முழம் உள்ளே தள்ளியிருந்தது. அந்தக் குசினி கடைசிவரைக்கும் ஒடுக்கமாகவே இருந்தது, இரண்டு பெண்கள் ஒருமிக்க நின்றால் ஒருவர் வெளியே வரவேண்டும், அம்மம்மா அதற்காகக் கிழவரைத் திட்டாத நாளில்லை, ஆனால் பொட்டு திறந்தே இருந்தது.

இப்படியெல்லாம் சொல்வதால் அங்கே சட்டமே இருக்கவில்லை என்று நினைக்கக்கூடாது, சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து கிணற்றுக்கும் கக்கூசுக் குழிக்கும் இடைத்தூரத்தை நாடாப் பிடித்துப் பார்ப்பார், சுண்ணக்கல்லுக்கு மேல் வாழ்கிற ஊரில் அது உயிர்ப் பிரச்சினை, அப்புவுக்கே அதில் மறுபேச்சில்லை. கூரைத் தண்ணீர்க் கதையும் கிழவர்களின் கண்டுபிடிப்பு அல்ல என்பதை மாமா சொல்லித்தான் அறிந்தேன், ஒருவன் கூரைநீர் மற்றவன் காணியில் விழலாமா என்பதற்கு ரோமன் டச்சுச் சட்டத்தில் பழைய ஒழுங்குகள் இருக்கின்றனவாம்.

மாமா வெள்ளவத்தையில் இருந்தார், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்குகிற வீடு, முன்னறையில் சாய்ந்த வரைபலகை, ரீ ஸ்குயார், மூலைமட்டம், உருட்டி வைத்த மெழுகுத்தாள்கள். பிளான் கீறுவது அவர் தொழில். பிரதி எடுத்த தாள்களின் அமோனியா நாற்றம் அந்த வீட்டின் சோற்றிலும் இருந்தது, கடற்காற்றின் உப்பும் அமோனியாவும் கலந்த அந்த நெடியில்தான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன், மாமா இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் உற்சாகமாவார், பெனியனோடு, தோளில் துவாய், வாயில் பென்சில், தேத்தண்ணியை ஆறவிட்டுத்தான் குடிப்பார், சூடாகக் குடித்தால் கை நடுங்கும் என்பார்.

ஒருநாள் அவர் ஒரு வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தில் பின் எல்லையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார், 63½ பாகை, கட்டடத்தின் எந்த மூலையும் இந்தக் கோட்டுக்கு வெளியே நீட்டக்கூடாது என்றார். அது என்ன அரைப் பாகைக் கணக்கு என்று கேட்டதற்கு மூலைமட்டத்தை எடுத்து வைத்துக் காட்டினார், அகலம் ஒரு பங்கென்றால் உயரம் இரண்டு பங்கு, நீ பின்னால் பத்தடி விட்டால் இருபதடி எழும்பலாம், இருபது விட்டால் நாற்பது, எழும்புகிற ஆசைக்கு ஏற்ப விலக வேண்டும். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தில் தொடங்கிய கணக்கு அது, அதற்கு முந்திய வருடம்தான் கொழும்பில் பிளேக் வந்திருந்தது, காற்றும் வெளிச்சமும் புகாத வரிசை வீடுகளைக் கண்டு வெள்ளைக்காரன் பயந்துபோயிருந்தான், 1921இல் நகரத் திட்டக்காரர் பற்றிக் கெடிஸ் வந்து கொழும்பைச் சோலை நகராக்கப் படம் போட்டுக் கொடுத்தார், படம் பெரும்பாலும் படமாகவே நின்றது, சிவப்புக் கோடு மட்டும் மாமாவின் மேசைவரை வந்து சேர்ந்தது. இது வெளிச்சத்தின்ர கோடு மருமகன், இதுக்கு அங்கால இருக்கிற வெயில் உன்ர வெயில் இல்லை, பின்வீட்டுக்காரன்ர வெயில் என்று அவர் சொன்னபோது எனக்குக் கூரைத் தண்ணீர் ஞாபகம் வந்தது, பரீட்சைக்கு அது கேட்கமாட்டார்கள் என்பதால் மறந்தும்போனேன்.

அந்த வரைபலகை 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்தது. மாமா பிறகு கீறவில்லை. ஒழுங்கையில் எரிந்த வளவுகளிலும் எரியாத வளவுகளிலும் காலப்போக்கில் தொடர்மாடிகள் எழுந்தன, சில வருடம் முன்னர் போனபோது அவர் வீடு இருந்த இடத்தில் நின்று பார்த்தேன், கடல் தெரியவில்லை, ரயில் சத்தம் மட்டும் இரண்டு சுவர்களுக்கிடையில் அடிபட்டு வந்தது, ஐந்தாம் மாடியிலிருந்து யாரோ தமிழில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நாங்கள் வெளிச்சமில்லாமல்தான் இருந்தோம், பேஸ்மென்றில். துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெதுவெதுப்பான சோப்பு வாசம், மேல்வீட்டுக்காரரின் மீன்குழம்பு, கூரையோடு ஒட்டிய ஒரு சின்ன யன்னல், அதற்குள்ளால் கோடையில் புல்லின் அடியும் மாரியில் பனியின் அடியும் தெரியும். அந்தக் காலத்தில் அப்படி இருப்பதே பல இடங்களில் சட்டத்துக்குப் புறம்பு, 1994இல் ஒன்ராறியோ அரசு வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்துச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்து வந்த அரசு 1996இல் அதை எடுத்துவிட்டது, 2000இல்தான் ரொறன்ரோ மாநகரம் தன் எல்லைக்குள் அதைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது, இதற்கிடையில் ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். மேலே யாராவது சூட் போட்டவர் கதவு தட்டினால் நாங்கள் சொந்தக்காரர்கள், விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது வீட்டுக்காரரின் உத்தரவு, அப்படியொரு விருந்து பிறகு எங்கும் நாங்கள் இருந்ததில்லை.

இப்போதிருக்கும் வீடு 1950களில் கட்டிய பங்களோ, செங்கல், சாய்வு குறைந்த கூரை, நீளமான பின்வளவு, யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்கும் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கும் என்று ஸ்காபரோ வரிசை வரிசையாகக் கட்டித்தள்ளிய வீடுகளில் ஒன்று. மகனுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, படி ஏற முடியாது, வீடு வாங்குகிற விலையில் மகன் வேறிடம் போக வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரம் கார் ஓடவேண்டும், ஆகவே முன்வீட்டை அவனுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் கீழே அம்மாவுக்கும் மேலே எங்களுக்குமாக ஒரு சின்ன வீடு, கார்டன் சுவிற் என்கிறார்கள். 2022 முதல் ரொறன்ரோவில் இதற்கு இடமுண்டு. நிலத்தில் 60 சதுர மீற்றருக்கு மேல் பிடிக்கக்கூடாது, நாங்கள் விண்ணப்பித்த நேரத்து விதிப்படி முன்வீட்டிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளியிருந்தால் நாலு மீற்றர் உயரம், அதாவது ஒரு மாடி, இரண்டு மாடி வேண்டுமானால் ஏழரை மீற்றர் தள்ளியிருக்க வேண்டியிருந்தது, தீயணைப்புக்காரர் தெருவிலிருந்து தடையில்லாமல் நடந்து வர வழி விடவேண்டும், நெஞ்சுயரத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரம் நின்றால் அதற்குத் தனி அனுமதி. பிளான் கீற வந்த தம்பி இதையெல்லாம் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் காட்டினான், பென்சில் இல்லை, நாற்றமும் இல்லை, அவன் தேத்தண்ணியைச் சூடாகவே குடித்தான்.

எங்கள் வீட்டுக்கு ஏழரை மீற்றர் வரவில்லை. முந்தைய சொந்தக்காரர் பின்னுக்கு ஒரு கண்ணாடி அறை இழுத்திருந்தார், அதை விட்டு அளந்தால் ஆறரை மீற்றர்தான், அறையை இடிக்கலாம், இடித்தால் மகனுக்குச் சாப்பாட்டு மேசை போட இடமில்லை. வேரியன்ஸ் கேட்போம் அங்கிள், ஒரு மீற்றர்தானே என்றான் தம்பி. கேட்கிற இடம் கொமிற்றி ஒஃப் அட்ஜஸ்ற்மென்ற், மாநகரசபை நியமிக்கிற குடிமக்கள் சிலர் இருந்து கேட்பார்கள், அவர்கள் பார்ப்பதற்குச் சட்டத்தில் நாலு கேள்விகள் உண்டு, நகரத் திட்டத்தின் பொது நோக்கத்தோடு இது ஒத்துப்போகிறதா, ஸோனிங் விதியின் பொது நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா, அந்தக் காணியின் பொருத்தமான வளர்ச்சிக்கு இது விரும்பத்தக்கதா, கேட்கிற விலக்குச் சிறியதா. எவ்வளவுக்குச் சிறியது என்று எங்கும் எண் போட்டில்லை. ஒரு மீற்றர் ஓரிடத்தில் சிறியது, இன்னோரிடத்தில் பெரியது, அங்காலே யார் இருக்கிறார், அவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பொறுத்தது, தம்பி இதை வேகமாகக் கடந்து போனான், எனக்குச் சிவப்புக் கோடு ஒருதரம் தெரிந்து மறைந்தது.

அங்காலே இருப்பவர் ஓர் இத்தாலியக் கிழவி. புருசன் போய் நெடுங்காலம், மகள் வுட்பிரிட்ஜில், இவர் தனியே, கறுப்புக் கார்டிகன், வெள்ளைச் சொக்ஸ், ரப்பர்ச் செருப்பு, வைகாசி வந்தால் தக்காளிக் கன்று, புரட்டாதியில் வீட்டுக்குப் பின்னால் பெரிய சட்டியில் தக்காளி கொதிக்கும் வாசம் எங்கள் சாமியறைவரை வரும், ஐப்பசியில் அத்திமரத்தைக் கட்டிச் சாய்த்துக் குழிக்குள் படுக்கவைத்து மண் மூடுவார், பனிக்காலம் முழுதும் அது அங்கே கிடக்கும். கண்டால் கை காட்டுவோம், குப்பைத் தொட்டி எந்தக் கிழமை என்று கேட்போம், இரண்டு மீற்றர் சீடர் வேலிக்கு அப்பால் அதற்கு மேல் ஒருவரை ஒருவர் அறியத் தேவை வந்ததில்லை. அவர் வளவு எங்களுக்கு வடக்கே. இந்த ஊரில் வடக்கே இருக்கிறவர்தான் பாவம், மார்கழி நடுவில் உச்சிவேளைச் சூரியன் இங்கே அடிவானத்திலிருந்து 23 பாகைதான் எழும்பும், ஆறு மீற்றர்ச் சுவர் ஒன்றின் நிழல் பதினாலு மீற்றருக்கு நீளும், அதே நாளில் கோண்டாவிலில் சூரியன் 57 பாகையில் நிற்கும், அதே சுவரின் நிழல் நாலு மீற்றரோடு முடிந்துவிடும். பிளான் தம்பி பங்குனி, ஆனி, புரட்டாதி என்று மூன்று மாதத்துக்கும் நிழல்படம் போட்டிருந்தான், நரை நிறத்தில் எங்கள் வீடு அவர் வளவுக்குள் போய் விழுந்து கிடந்தது, மாமாவின் 63½ பாகையை இங்கே கொண்டுவந்தால் யாருக்கும் வெயில் மிஞ்சாது என்பது அந்தப் படத்தில்தான் விளங்கியது.

விசாரணை திரையில் நடந்தது. அம்மா பட்டுச் சேலை உடுத்து எனக்குப் பின்னால் வந்து இருந்தார், கோடு என்றால் அப்படித்தான் போகவேண்டும் என்று நினைத்திருப்பார், எங்கள் முறை வரும்வரை யாரோ ஒருவரின் கராஜையும் இன்னொருவரின் பால்கனியையும் கேட்டுக்கொண்டிருந்தோம், முகங்கள் சின்னச் சதுரங்களில், யாருக்கும் யாருடைய வீட்டு வாசமும் தெரியாது. கிழவிக்காக மகள் பேசினார், அம்மாவின் தோட்டம், அம்மாவின் குசினி யன்னல், நாற்பது வருட வெயில், மரியாதையாகத்தான் பேசினார், தம்பி நிழல்படத்தைக் காட்டிச் சதவீதம் சொன்னான். குழுவில் ஒரு பெண்மணி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார், நீங்கள் அயலவரோடு நேரில் கதைத்தீர்களா? இல்லை என்றேன். கதைத்துவிட்டு வாருங்கள் என்று ஒத்திவைத்தார்கள். தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது, எனக்கு ஏனோ அந்தப் பெண்மணியை முன்னரே எங்கேயோ பார்த்ததாகப் பட்டது.

வேலியில் பொட்டு இல்லையாதலால் தெருவால் சுற்றிப் போய் மணியை அடித்தேன். அவர் என்னை முன்னறையில் இருத்தவில்லை, நேரே கீழே பேஸ்மென்றுக்குக் கூட்டிப் போனார், அங்கே இன்னொரு குசினி, பெரிய அடுப்பு, கூரையில் கட்டித் தொங்கவிட்ட உள்ளி, சுவரோரம் போத்தல் போத்தலாகத் தக்காளி, பழைய வைன் பீப்பாயின் புளிப்பு நெடி, மேலே இருக்கிற குசினி பார்வைக்கு, சமைக்கிறது இங்கே என்றார், இதுக்குப் பேர்மிற் கேட்டனீங்களோ என்று நான் கேட்டதும் கையை விரித்துச் சிரித்தார், புருசன் மேசன், கட்டிவிட்டுத்தான் யோசிப்பார் என்றார், அவருடைய ஆங்கிலம் எங்கள் அம்மாவின் ஆங்கிலத்துக்கு ஒரு படி மேல். சின்னக் கோப்பையில் கறுத்தக் கோப்பி தந்தார். இடுப்பு வலி, மகளின் மகன் படிக்காதது, மழை இந்த வருடம் பிந்தியது எல்லாம் கதைத்தோம், வீட்டைப் பற்றி அவராக எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, கோப்பி முடிந்ததும் எடுத்தார். பின்வளவுக்குக் கூட்டிப் போய் ஊன்றுகோலால் நிலத்தில் தட்டிக் காட்டினார், இதுவரைக்கும் வந்தால் தக்காளி போகும், இதுவரைக்கும் என்றால் பரவாயில்லை, அத்திக் குழி இந்தப் பக்கம், அதற்கு வேர் இங்கே ஓடுது. தம்பியின் படத்தைவிட அது துல்லியமாக இருந்தது.

மேலறையை மேற்குப் பக்கம் தள்ளினோம், கூரையைத் திருப்பி அவர் பக்கம் தாழ்வாரம் பணிகிற மாதிரி ஒரே சரிவாக இறக்கினோம், பீலித் தண்ணீர் எங்கள் பக்கமே வந்து விழும், எங்கள் படுக்கையறை ஒடுங்கிப்போயிற்று, கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் இறங்கலாம். இரண்டாம் விசாரணை அறிவித்தலை வாசிக்கிற நேரத்துக்குள் முடிந்தது, மகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பியிருந்தார். இதில் எனக்குப் பெருமை கொள்ள ஒன்றுமில்லை, கதைத்துவிட்டு வா என்று சொன்னதால் போனேன், சொல்லாவிட்டால் போயிருக்கமாட்டேன். இன்னொன்றும் தம்பி பிறகு சொல்லித்தான் தெரிந்தது, 2022 கார்த்திகையில் ஒன்ராறியோ கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு இப்படியான சிறு விலக்குகளில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால் அயலவர் மேன்முறையீடு செய்ய முடியாது, விண்ணப்பித்தவர் செய்யலாம், மாநகரம் செய்யலாம், வேலிக்கு அங்கால இருக்கிறவர் கொமிற்றியில் சொல்வதோடு சரி. வீடு போதவில்லை, வேகமாகக் கட்டவேண்டும், அயலவர் ஒவ்வொருவரும் வருடக்கணக்கில் இழுத்தடித்தால் இளம் குடும்பங்கள் எங்கே போவது என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது, நானே அந்த நியாயத்தால் பிழைக்கிறவன், பேஸ்மென்றில் இருந்தவன். ஆனாலும் அப்புவின் பக்கத்து வளவுக் கிழவருக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்திருந்தால் அந்தக் குசினி அகலமாக இருந்திருக்கும், அம்மம்மா சந்தோசப்பட்டிருப்பா, பொட்டின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

பேர்மிற்றுக்கு எல்லாம் அனுப்புகிற நேரத்தில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளானை மேசையில் விரித்துப் பார்த்தார், விரலால் சுவர்களைத் தடவித் தடவிப் போய் ஓரிடத்தில் நிறுத்தினார், வாசல் ஏன் தெற்கே பார்க்குது, ஆர் நிலையம் எடுத்தது? தம்பியைக் கூப்பிட்டோம். அவன் பொறுமையாக விளங்கப்படுத்தினான், அம்மம்மா, கதவை வடக்குக்கு மாற்றினால் தீயணைப்பு வழி திரும்ப அளக்கவேணும், அந்தப் பக்கம் இடம் காணாது, திரும்ப வேரியன்ஸுக்குப் போகவேண்டி வரலாம், கீறுறதுக்கும் புதுசாக் காசு. அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார், அப்ப கிழக்கால ஒரு சின்னக் கதவு வையும் தம்பி, அதுக்கு எவ்வளவு எடுப்பீர்?